பிள்ளையின் கொப்பிக்கு மட்டும் சிவப்பு மையா?



சங்க வேலையாக அண்மையில் வில்கமுவப் பக்கம் போயிருந்தோம். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரம் அது. மலையும் தேயிலையும் முடிந்து வயலும் குளமும் யானைப் பயமும் தொடங்குகிற இடம். ரத்தோட்டை, எல்கடுவ, உக்குவளைப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை நாள் குறைந்துபோன குடும்பங்கள் சில, கூலி வேலை தேடி அங்கே இறங்கிக் குடியிருக்கின்றன. தோட்டத்தை விட்டாலும் சங்கத்தை விடாதவர்கள். அவர்களுடைய ஊழியர் சேமலாப நிதிக் கணக்கைப் பார்க்கத்தான் போனோம்.

கணக்குப் பார்த்து முடிந்ததும் ஒரு தாய் தன் மகனின் கொப்பியைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் விரித்தார். பக்கத்தில் தமிழ்ப் பாடசாலை இல்லாததால் பையன் சிங்களப் பாடசாலையில் படிக்கிறான். சொல்வதெழுதுதல் இருபது சொல். பதினான்கில் சிவப்புக் கோடு.

“டீச்சர், இவன் சிங்களம் நல்லாத்தான் பேசுறான். கடையில பேசுறான், பஸ்ல கொண்டக்டரோட பேசுறான். எழுதச் சொன்னா மட்டும் இப்படி ஆகிருது. வீட்டுல தமிழ் பேசுறதாலதான் இப்படின்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. இனிமே வீட்டுல தமிழ நிப்பாட்டிரவா?”

தோழர்களே, இந்தக் கேள்வி வில்கமுவவில் மட்டும் கேட்கப்படுவதில்லை. நமது தோட்டப் பாடசாலைகளில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோரும் இதையே வேறு வார்த்தையில் கேட்கிறார்கள். அதனால் பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம். நிப்பாட்ட வேண்டாம். ஒரு நாள்கூட நிப்பாட்ட வேண்டாம். ஏன் என்று சொல்கிறோம்.

அந்தக் கொப்பியை முதலில் பார்ப்போம். சிங்களத்தில் மரத்துக்கும் மஞ்சளுக்கும் உள்ள வித்தியாசம் முதல் எழுத்துத்தான். மஞ்சளுக்கு ‘கல்’ என்று சொல்லும்போது வருகிற ‘க’. மரத்துக்குச் ‘சங்கு’ என்று சொல்லும்போது வருகிற அழுத்தமான ‘க’. பையன் மரத்தை எழுதச் சொன்னால் மஞ்சளை எழுதியிருந்தான். சோற்றை எழுதச் சொன்னால் இலையை எழுதியிருந்தான். அங்கே சிக்கல் ‘ப’வில். சோற்றுக்குக் ‘கம்பு’வில் வரும் ‘ப’ வேண்டும், அவன் ‘பல்’லில் வரும் ‘ப’வைப் போட்டுவிட்டான். மரத்தின் தண்டை எழுதப் போய் மலையை எழுதியிருந்தான். ‘கந்தன்’ என்று நாம் கூப்பிடுவது போல மூக்கொலியை முழுதாகச் சொன்னால் மலை, அதைச் சட்டென்று சுருக்கினால் தண்டு. ‘அவள்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘அது’ என்று எழுதியிருந்தான். ஆடு கத்துவது போல வாயை அகட்டிச் சொல்லும் உயிரொலிக்குச் சிங்களத்தில் தனி எழுத்து உண்டு. தமிழில் இல்லை. பையன் தெரிந்த ‘எ’வைப் போட்டான், அவள் அதுவாகிவிட்டாள்.

பதினான்கு பிழையில் பெரும்பாலானவை இந்த வகைதான். பேசும்போது அவன் வாய் சரியாகத்தான் சொல்கிறது. எழுதும்போது கை தமிழ்ப் பழக்கத்தில் ஒரே எழுத்தைத் தேடுகிறது. தமிழில் ‘கல்’, ‘சங்கு’, ‘அகப்பை’ மூன்றிலும் ஒரே ‘க’. ஆனால் வாய் விட்டுச் சொல்லிப் பாருங்கள், மூன்றும் மூன்று ஒலி. எந்த இடத்தில் எந்த ஒலி என்று யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. அம்மா மடியிலேயே தெரிந்துகொண்டோம். சிங்களம் அந்த மூன்று ஒலிக்கும் மூன்று எழுத்து வைத்திருக்கிறது. ஆகவே ஒலி நம் பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. எழுத்தை மட்டும் அதோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும்.

அதே கொப்பியில் சரியாக இருந்த ஆறு சொற்களையும் பார்த்தோம். சிங்களத்தில் ‘மல’ என்பதை நம்முடைய ‘ல’ போட்டு எழுதினால் பூ, ‘ள’ போட்டு எழுதினால் செத்தது. ‘கலா’ என்றால் கலை, ‘களா’ என்றால் செய்தான். இன்றைய சிங்களப் பேச்சில் இந்த இரண்டு ஒலிக்கும் வித்தியாசம் கேட்காது. ‘ன’வும் ‘ண’வும் அப்படித்தான். அதனால் சிங்களப் பிள்ளைகளே இந்த இடத்தில் நிறையத் தடுமாறுகிறார்கள். அவர்கள் இதை ‘ண, ன, ல, ள பேதய’ என்று தனிப் பாடமாகவே படிக்கிறார்கள். நமது பையன் பூவையும் கலையையும் சரியாக எழுதியிருந்தான். குணம், காரணம், புராணம், வர்ணம் போல இரு மொழிக்கும் பொதுவான சொற்களில் எங்கே ‘ண’ வரும் என்று அவன் காது சொல்லிக்கொடுத்துவிடும். மலருக்கு ‘ல’ என்பதும் கலைக்கு ‘ல’ என்பதும் அவனுக்குத் தமிழ் கொடுத்த சொத்து. எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது, மற்றதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். ஆனாலும் பக்கத்துப் பிள்ளைக்கு இல்லாத ஒரு கைப்பிடி இவனிடம் இருக்கிறது.

அந்த ஆறு சொல்லுக்குப் பக்கத்தில் யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. தமிழ் கெடுத்த இடத்துக்குச் சிவப்பு மை. தமிழ் காப்பாற்றிய இடத்துக்கு ஒன்றுமில்லை. இதைத்தான் கேட்கிறோம், இது நியாயமா?

அந்த ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. ஆசிரியர் வேலைக்கு வந்த முதல் வருடங்களில் நாங்களும் இதைத்தான் செய்தோம். பிழையை எண்ணினோம், அடிக்கோடு போட்டோம், பத்துத் தரம் எழுதி வா என்று அனுப்பினோம். பத்துத் தரமும் பிள்ளை அதே பிழையை அழகாக எழுதிவந்தது. ஏன் பிழைக்கிறது என்று பார்க்காமல் எத்தனை பிழை என்று எண்ணுகிறவர் பாடம் நடத்தவில்லை, கொழுந்து நிறுக்கிறார். நிறுவையில் பிடித்த கிலோ திரும்பி வராது என்று நமக்குத் தெரியும். அப்படிப் பிடிபட்ட பிள்ளையும் ஒரு நாள் பாடசாலைக்குத் திரும்பி வராது.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். வீட்டில் தமிழை நிறுத்தினால் என்ன நடக்கும்? சந்தையில் பேரம் பேசுகிற அளவு சிங்களம் தெரிந்த தாய், பிள்ளையோடு அந்தச் சிங்களத்தில்தான் பேச முடியும். கதை சொல்ல முடியாது, கோபத்தில் திட்டக்கூட வார்த்தை பற்றாது. பிள்ளைக்கு நல்ல தமிழும் போகும், நல்ல சிங்களமும் வராது. 1953 இல் யுனெஸ்கோ நிறுவனம் தாய்மொழியே பிள்ளையின் கல்விக்கு ஏற்ற மொழி என்று எழுதி வைத்தது. குடியேறிய பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கனடாவில் ஆராய்ந்த ஜிம் கமின்ஸ், முதல் மொழியில் பெற்ற திறமை இரண்டாம் மொழிக்குக் கைகொடுக்கும் என்று 1979 இல் எழுதினார். நமக்கு இது புதிய சங்கதி இல்லை. ஒரு மலையில் கொழுந்தெடுக்கப் பழகிய கை இன்னொரு மலைக்குப் போனால் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டியதில்லை. தமிழில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்குச் சிங்கள எழுத்து இரண்டாவது மலை, அவ்வளவுதான்.

இனி இன்னொரு பக்கத்தையும் பேச வேண்டும். எழுத்துப் பிழை விடுவது பிள்ளை மட்டும்தானா?

நாங்கள் வில்கமுவவுக்குக் கொண்டுபோன கோவையில் ஓய்வுபெற்ற ஒரு தாயின் கடதாசிகள் இருந்தன. உண்மைப் பெயரை விட்டுவிட்டுப் ‘பாக்கியம்’ என்று வைத்துக்கொள்வோம். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் சிங்களத்தில் ‘பல்’லின் ‘ப’ போட்டு எழுதியிருக்கிறது. அடையாள அட்டையில் ‘கம்பு’வின் ‘ப’. சேமலாப நிதிக் கடதாசியில் மூச்சு விட்டுச் சொல்லும் மூன்றாவது ‘ப’. தமிழில் ஒரே பாக்கியம். சிங்களத்தில் மூன்று மனுஷி. முப்பது வருடத்துக்கு மேல் மலை ஏறி இறங்கிய ஒரு பெண், அந்த மூன்று பேரும் தான் ஒருத்தியே என்று நிரூபிக்கச் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருந்தது. பஸ் காசு, பேர் இழந்த நாட்கள், மறுபடியும் வா என்ற பதில். அவருடைய சொந்தக் காசு அவருக்குக் கிடைக்க மாதக்கணக்காக இழுபட்டது.

வில்கமுவப் பையன் விட்ட அதே பிழைதான் இது. ஒரு மொழியில் ஒரு எழுத்து, மற்ற மொழியில் மூன்று எழுத்து. தமிழ்ப் பெயரை எப்படி எழுதுவது என்று தெரியாத கை அங்கேயும் தடுமாறியிருக்கிறது. பிள்ளை பிழைவிட்டால் பிள்ளைக்குத் தண்டனை. அலுவலகம் பிழைவிட்டாலும் நமக்கே தண்டனை. சிவப்பு மை எப்போதும் ஒரே பக்கம்தான் ஓடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1987 இல் வந்த 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988 இல் வந்த 16ஆம் திருத்தம் நிர்வாகத்தில் இரு மொழிக்கும் இடத்தை வகுத்தது. இரண்டு தேசிய மொழிகளில் எதிலும் கல்வி பெறும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரையில் இருக்கிறது. 2007 ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அந்த வருடம் ஜூலை 1 முதல் சேவையில் சேரும் உத்தியோகத்தர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. அதே வருடம் மொழிக் கல்விக்கென்று ஒரு தேசிய நிறுவனமே சட்டத்தால் அமைக்கப்பட்டு அகலவத்தையில் நடக்கிறது.

நல்லது, வரவேற்கிறோம். படித்துப் பட்டம் பெற்று, சம்பளம் வாங்கும் பெரியவருக்கு இரண்டாம் மொழி படிக்க ஐந்து வருட அவகாசம். அதை நாம் குறை சொல்லவில்லை, மொழி படிக்கக் காலம் எடுக்கும். அப்படியானால் லயக் காம்பராவில் ஒரு பல்ப் வெளிச்சத்தில் படிக்கிற ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு அவகாசம் கொடுக்க வேண்டும்? அந்தப் பிள்ளைக்கு ஒரு தவணைதான் கிடைக்கிறது. பிறகு ‘தோட்டத்துப் பிள்ளைக்கு ஏறாது’ என்ற முத்திரை விழுகிறது.

இந்த முத்திரைக்கு வயது நூறுக்கு மேல். 1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் பொறுப்பைத் துரைமார் தலையில் வைத்தது; அதுவும் ஆறு வயது முதல் பத்து வயது வரைக்கும். பத்து வயதுக்குப் பிறகு கையெழுத்து எதற்கு, கைதானே வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. 1945 இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் நமது பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. அரசாங்கம் அவற்றைப் பெருமளவில் பொறுப்பேற்க 1970களின் பிற்பகுதி ஆனது. இதற்கிடையில் 1948 இல் குடியுரிமை போனது. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, இங்கே இருப்பதா அங்கே போவதா என்று விண்ணப்பம் நிரப்பச் சொன்னார்கள். நமது தாத்தா பாட்டிமாரில் எத்தனையோ பேர், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத கடதாசியில் பெருவிரலை வைத்தார்கள். வேறு யாரோ எழுதினார்கள். குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன.

ஆகவே எழுத்து நமக்கு அலங்காரம் இல்லை. எழுதத் தெரியாதவர் மற்றவர் எழுதியதில் கையெழுத்து வைக்கிறார். இன்றும் பொலிசில் முறைப்பாடு கொடுக்கப் போனால் நாம் சொல்வது ஒன்று, புத்தகத்தில் ஏறுவது ஒன்று. வாசித்துப் பார்க்க முடியாததால் கீழே ஒப்பம் வைத்துவிட்டு வருகிறோம்.

இந்த இடத்தில் நம்மவர்கள் சிலர் கேட்பார்கள்: தமிழும் அரச கரும மொழிதானே, நாம் ஏன் சிங்களம் எழுதிப் பழக வேண்டும், அவர்கள் தமிழில் எழுதித் தரட்டுமே? தரத்தான் வேண்டும். அந்தப் போராட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் தமிழில் கிடைக்கும் நாள் வரைக்கும் நமது பிள்ளை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டுமா? கந்தோரில் எழுதியதை வாசித்து, ‘ஐயா, எங்கள் அம்மா பெயரில் இந்த எழுத்துப் பிழை’ என்று சிங்களத்திலேயே சொல்லக்கூடிய ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், தமிழ் உரிமைக்குக் காவலாள் அந்தப் பிள்ளைதான். 1956 இல் சிங்களம் நம் தலையில் ஏற்றப்பட்டது. இன்று நாமே கேட்டு எடுக்கிறோம். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பக்கத்து வயலில் வேலை செய்யும் சிங்களத் தொழிலாளியின் மொழி அது. அவரோடு நமக்குச் சண்டை இல்லை.

இன்னும் சிலர் எதிர்ப்பக்கம் நின்று, பேசத் தெரிந்தால் போதும் என்பார்கள். பேச்சு கடைக்குப் போதும். நியமனக் கடிதத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போதாது.

சரி, என்ன செய்யலாம்? வீட்டிலிருந்து தொடங்குவோம். சிங்களம் வாசிக்கத் தெரியாத தாயும் செய்யக்கூடியவை இவை.

ஒன்று: ஒரு சொற்கொப்பி போடுங்கள். ‘கல்–க’, ‘சங்கு–க’, ‘அகப்பை–க’ என்று மூன்று கோடு. ‘பல்–ப’, ‘கம்பு–ப’ என்று இரண்டு. ‘பத்து–த’, ‘பந்து–த’. ‘பட்டு–ட’, ‘வண்டு–ட’. புதிய சிங்களச் சொல் வந்தால் எந்தக் கோட்டில் விழும் என்று பிள்ளையையே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது காது கொடுப்பது மட்டும்.

இரண்டு: பணத்தாளைப் பாருங்கள், சவர்க்காரப் பெட்டியைப் பாருங்கள், பஸ் நிலையப் பெயர்ப் பலகையைப் பாருங்கள். சிங்களமும் தமிழும் அருகருகே இருக்கும். சம்பள நாளில் ஒரு தாளை எடுத்து வைத்து, ‘இதில் எந்த எழுத்து எதற்குச் சமம்’ என்று பிள்ளையைக் கேளுங்கள். பிள்ளை உங்களுக்கு ஆசிரியராகட்டும். பலகையில் தமிழ் பிழையாக எழுதியிருந்தால் அதையும் பிள்ளை கண்டுபிடிக்கட்டும். பிழை தன்னிடம் மட்டும் இல்லை என்று தெரிந்தால் பயம் போய்விடும்.

மூன்று: மூச்செழுத்துகளுக்காகப் பிள்ளையை அடிக்காதீர்கள். மொழிக்குச் சிங்களத்தில் ‘பாஷாவ’ என்பார்கள். அந்தச் சொல்லின் முதல் எழுத்தே மூச்செழுத்து. பேச்சில் அந்த மூச்சு பெரும்பாலும் கேட்பதில்லை, கண்ணால் பார்த்துப் பழகுவதுதான் வழி. ஒரு நாளைக்கு இரண்டு சொல் போதும்.

நான்கு: தமிழில் தினம் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். இந்தப் பத்திரிகையாக இருந்தாலும் சரி.

வீட்டால் முடியாததைச் சங்கம் கேட்க வேண்டும். எங்கள் கோரிக்கைகள் இவை. ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களம் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். எழுதிய விஷயத்துக்கு ஒரு புள்ளி, எழுத்துக்கு ஒரு புள்ளி என்று பிரித்துத் திருத்த வேண்டும். நல்ல வசனம் எழுதிய பிள்ளைக்கு ஒரு எழுத்துக்காக முட்டை போடக் கூடாது. வில்கமுவ போன்ற இடங்களில் சிங்களப் பாடசாலைக்குப் போகும் நமது பிள்ளைகளுக்குத் தமிழ் ஒரு பாடமாகக் கிடைக்க வேண்டும். பிறப்புச் சாட்சிப் பத்திரத்திலிருந்து சேமலாப நிதிக் கடதாசி வரை பெயரை இரண்டு மொழியிலும் பதிய வேண்டும். அலுவலகம் விட்ட பிழையை அலுவலகமே, தன் செலவில், தொழிலாளியின் ஒரு நாள் பேரைக்கூடப் பறிக்காமல் திருத்த வேண்டும்.

சம்பளப் பேச்சுவார்த்தைக்கு நடுவில் எழுத்துக்கூட்டலைப் பேசுவதா என்று தோட்டத் தலைவர்களில் யாராவது நினைத்தால், பாக்கியத்தின் கோவையை எடுத்துப் பாருங்கள். கிடைத்த சம்பளமே ஒரு எழுத்தில் சிக்கி நின்றது.

அந்தத் தாயிடம் இதையெல்லாம் நாங்கள் இப்படி நீட்டிச் சொல்லவில்லை. பையனைக் கூப்பிட்டு, ‘சங்கு’ சொல்லு, ‘கல்’ சொல்லு என்றோம். சொன்னான். இரண்டு ‘க’வும் ஒன்றா என்றோம். இன்னொரு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். “இல்ல டீச்சர், வேற வேற” என்றான். அப்படியானால் மரத்துக்கு எது என்றோம். கொப்பியை வாங்கி, சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் மரத்தைச் சரியாக எழுதினான். பிறகு நாங்கள் கேட்காமலே சோற்றையும் திருத்தினான்.

அம்மா தமிழில்தான் “கெட்டிக்காரன்” என்றார்.